பழமை வாய்ந்த பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு ஜியோகேச்சிங் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜியோகேச்சிங் என்பது என்ன?

ஒருவர் ஓரிடத்தில் சிறு பெட்டியொன்றை மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிவு செய்கிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைப்பேசிச் செயலியிலோ கையடக்க ஜிபிஎஸ் கருவியிலோ ஏற்றிக்கொண்டு தேடிச் செல்கிறார்கள். பெட்டி கிடைத்ததும் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதி, அது எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பெட்டிக்குக் கேச் என்று பெயர். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கேச்கள் இருக்கின்றன. இந்த விளையாட்டின் இணையதளத்தில் அடிப்படை உறுப்பினர் கணக்கைக் கட்டணமின்றித் தொடங்கலாம்; முதல் நடைக்கு அதுவே போதும்.

இது எப்போது தொடங்கியது?

அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே 1 நள்ளிரவில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலைகளில் தானே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறக்கூடிய கருவிகள் ஒரே இரவில் ஏறத்தாழ பத்து மடங்கு துல்லியம் பெற்றன. அதைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் அல்மர் என்பவர், மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை வைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800 என்பவை அந்த எண்கள். வாளிக்குள் புத்தகங்கள், மென்பொருள், ஓர் உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் ஆகியவை இருந்தன. அதே மாதத்தில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்ற பெயரை முன்மொழிந்தார். செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் 75 கேச்களின் பட்டியலோடு தம் இணையதளத்தைத் தொடங்கினார்.

ஆனால் நடந்துபோய்த் தேடிக் கண்டுபிடித்து அடையாளம் விட்டுவரும் பழக்கம் செயற்கைக்கோளுக்கு வெகுகாலம் முந்தியது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் பூல் என்னும் எளிதில் எட்ட முடியாத சதுப்பிடத்தில், 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதற்குள் போட்டுவிட்டு வந்தார்கள். லெட்டர்பாக்சிங் என்று வளர்ந்த அந்த வழக்கத்தை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டில் கருவி பின்னால் வந்தது. நடை முன்னால் இருந்தது. குடும்பத்தோடு போகும்போது அந்த வரிசையையே கடைப்பிடிப்பது நல்லது.

இதற்குப் பழைய கிராமப்புறப் பள்ளத்தாக்கு ஏன் பொருத்தமான இடம்?

பள்ளத்தாக்கில் எல்லாமே ஆற்றை ஒட்டி வரிசையாக அமைந்திருக்கின்றன. தண்ணீரை நம்பி ஆலை வந்தது, ஆலைக்குத் தானியம் கொண்டுவர வண்டிப்பாதை வந்தது, பாதை ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலம் வந்தது, பாலத்தருகே ஊர் வந்தது. எனவே ஐந்தாறு கிலோமீட்டர் நடையில் பல நூற்றாண்டு வாழ்க்கையின் தடயங்களைக் கோர்வையாகப் பார்த்துவிடலாம். ஆறு ஒரு பக்கம் இருந்துகொண்டே இருப்பதால் குழந்தைகளுக்குத் திசை குழம்புவதும் இல்லை.

கேச் வைப்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த இடத்துக்கு மற்றவர்களை வரவழைக்க விரும்புகிறவர்கள். ஆகவே எண்களைப் பின்தொடர்ந்து போனால், சாதாரணமாக நாம் கடந்து போய்விடும் ஒரு மைல்கல்லின் முன்னாலோ, புதர் மூடிய சுண்ணாம்புக் காளவாயின் அருகிலோ நிற்க நேர்கிறது. “இந்தப் பாலத்தைப் பார்” என்று சொன்னால் ஏழு வயதுக் குழந்தை பார்க்காது. “இந்தப் பாலத்துக்கு எத்தனை வளைவுகள் என்று எண்ணிச் சொன்னால்தான் அடுத்த எண் கிடைக்கும்” என்று சொன்னால், அது எண்ணும்; எண்ணி முடித்துவிட்டுத் தூண்களின் அடிப்பகுதி ஏன் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக இருக்கிறது என்றும் கேட்கும். ஓடிவரும் நீரையும் அது அடித்துவரும் மரக்கட்டைகளையும் பிளந்து ஒதுக்குவதற்காக, ஆறு வரும் திசையில் அந்தக் கூர்முனை கட்டப்பட்டது. பல பழைய பாலங்களில் அந்த முனை மேலே கைப்பிடிச்சுவர் வரை எழும்பி ஒரு சிறு முக்கோண மாடமாக முடிகிறது. எதிரே வண்டி வந்தால் நடப்பவர் ஒதுங்கி நிற்பதற்கு அந்த மாடம். உங்கள் குழந்தைகளை அதற்குள் நிற்க வைத்துப் பாருங்கள். பாலத்தின் அகலம் எந்தக் காலத்து அகலம் என்பது அவர்களுக்குத் தானாக விளங்கும்.

எந்த வகைக் கேச்களைத் தேர்ந்தெடுப்பது?

நேரடியாகப் பெட்டி இருக்கும் இடத்தின் எண்களையே தருவது டிரெடிஷனல் வகை; முதல் நடையில் இதில் குறைந்தது இரண்டு இருக்கட்டும், ஏனெனில் குழந்தைகளுக்கு விரைவாக ஒரு வெற்றி தேவை. மல்டி வகையில் ஓரிடத்தில் கிடைக்கும் விடை அடுத்த இடத்துக்கு இட்டுச் செல்லும். பாலத்தின் வளைவுகளின் எண்ணிக்கை, வாசல் நிலைக்கல்லில் பொறித்த ஆண்டின் கடைசி இலக்கம், மைல்கல்லில் உள்ள தொலைவு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து இறுதி எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பழமையான பள்ளத்தாக்கு என்றால் என் தேர்வு எப்போதும் இதுதான். பெட்டி ஒன்றே ஒன்றாக இருந்தாலும், வழியில் ஐந்து இடங்களில் நின்று உற்றுப் பார்க்க வைக்கிறது.

எர்த்கேச் என்பது 2004-இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையோடு தொடங்கிய வகை. இதில் பெட்டியே கிடையாது. பாறையையோ நிலத்தின் வடிவத்தையோ பார்த்துக் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு கூர்மையாக இருந்தால் ஆறு அறுத்தது என்றும், அடித்தளம் அகன்று இரு பக்கமும் செங்குத்தாக எழுந்தால் ஒரு காலத்தில் பனியாறு குடைந்தது என்றும் எதிரே தெரியும் நிலத்தையே காட்டி விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. மிஸ்டரி வகைப் புதிர்களை வீட்டிலேயே விடுவித்துக்கொண்டு போக வேண்டும். வழியில் நின்று விடுவிக்க முயன்றால் மற்றவர்கள் சலித்துப்போவார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு ஏற்றதா என்று பட்டியலைப் பார்த்தே எப்படி அறிவது?

ஒவ்வொரு கேச்சுக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று கண்டுபிடிப்பதன் கடினம், மற்றொன்று நிலத்தின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை அரை அரையாக உயரும். நிலத்துக்கு 1 என்றிருந்தால் சக்கர நாற்காலியில் செல்பவரும் எட்டக்கூடிய இடம் என்று பொருள். தாத்தா, பாட்டியும் தள்ளுவண்டிக் குழந்தையும் உடன் வந்தால் 1.5-க்கு மேல் போக வேண்டாம். 5 என்றிருந்தால் கயிறு, படகு போன்ற தனிக் கருவி வேண்டும்.

அளவையும் பாருங்கள். மைக்ரோ என்பது 100 மில்லிலிட்டருக்கும் குறைவான சிமிழ். அதில் ஒரு காகிதச் சுருளுக்கு மேல் எதுவும் இருக்காது. ஸ்மால் 1 லிட்டர் வரையும் ரெகுலர் 20 லிட்டர் வரையும் கொள்ளும். திறந்ததும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் குழந்தைகளுக்கு ஸ்மாலும் ரெகுலரும்தான் ஏற்றவை. கடைசியாகப் பதிவான நான்கைந்து குறிப்புகளையும் படித்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டி அநேகமாக அங்கே இல்லை.

அந்த எண்களை எப்படிப் படிப்பது?

டேவ் அல்மரின் எண்களையே எடுத்துக்கொள்வோம். வடக்கு 45° 17.460 என்றால் 45 பாகை, 17.460 நிமிடம். ஒரு பாகைக்கு 60 நிமிடங்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் ஏறத்தாழ 1,852 மீட்டர். எனவே கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர் நகர்கிறோம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கி வருவதால், அதே ஓர் இலக்கம் 45 பாகையில் சுமார் 1.3 மீட்டராகவும், 60 பாகையில் ஒரு மீட்டருக்கும் குறைவாகவும் சுருங்கிவிடும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, பாகையும் நிமிடமுமாக எழுதியதைத் தசமப் பாகை என்று எடுத்துக்கொள்வது. 45° 17.460 என்பதை 45.17460 என்று தட்டச்சு செய்தால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள். சரியான தசம வடிவம் 45.291. செயலியில் எந்த வடிவம் தேர்வாகியிருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மல்டி வகையில் இறுதி எண்களைக் கையால் கணக்கிடும்போது, அவை இப்போது நிற்கும் இடத்திலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் விழுகின்றனவா என்று வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. மலையின் மறுபக்கத்தைக் காட்டினால் எங்கோ கூட்டலில் பிழை.

பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் ஏன் தடுமாறுகிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கிலிருந்து நேராக அலை வந்தால்தான் கருவியால் தன் இடத்தைக் கணக்கிட முடியும்: மூன்று அளவுகள் இடத்துக்கு, ஒன்று தன் கடிகாரப் பிழையைத் திருத்திக்கொள்ள. திறந்த வெளியில் நல்ல கைப்பேசி 5 மீட்டருக்குள் காட்டும். இருபுறமும் மலை எழுந்து நிற்கும் இடத்தில் தாழ்வான செயற்கைக்கோள்கள் மறைந்துவிடுகின்றன. தலைக்கு மேலே உள்ளவை மட்டும் எஞ்சும்போது, ஒரே பக்கத்திலிருந்து பார்த்துத் தூரம் சொல்வதுபோல் கணக்கு தளர்ந்துவிடுகிறது. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலையும் தாமதமாக வந்து தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் பாயும் என்பதை நினைத்தால், சிறு தாமதம்கூட எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

இதில் பயனுள்ள ஒரு செய்தி உண்டு. குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றின் போக்கிலுள்ள வானம் திறந்திருக்கிறது. பக்கவாட்டு வானம்தான் மூடியிருக்கிறது. ஆகவே பிழையும் பொதுவாகப் பக்கவாட்டிலேயே மிகுதியாக இருக்கும். கருவி காட்டும் புள்ளியிலிருந்து ஆற்றோரமாக முன்னும் பின்னும் தேடுவதைவிட, சரிவின் மேலும் கீழும் அகலமாகத் தேடுங்கள்.

இன்னொன்று எங்கள் சொந்த அனுபவம். ஓர் இடிந்த ஆலைக்கருகே அம்புக்குறி 12 மீட்டர் என்று காட்டியது. வேலியோரம் முழுவதும் நாற்பது நிமிடம் தேடினோம். கடைசியில் மகள்தான், “அப்பா, அது ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்றாள். ஆற்றின் அகலமே 10 மீட்டர். கடப்பதற்குப் பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னால் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கேச்சும் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை வீட்டிலேயே காகித வரைபடத்தில் குறித்துக்கொள்கிறோம். தண்ணீர் குறைவாகத் தெரிகிறது என்று இறங்கிக் கடக்க வேண்டாம்.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் நடையில் 150 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஒன்றரை மணி நேரம் வரும். ஆனால் அவர் கணக்கு திடமான பெரியவர்களுக்கானது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால் அதை இரட்டிப்பாக்குங்கள்; ஒவ்வொரு கேச்சுக்கும் கால் மணி நேரம் கூட்டுங்கள். ஐந்து கேச்கள் என்றால் மொத்தம் நாலேகால் மணி நேரம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியும்படி கிளம்புங்கள்.

ஒரே நடையில் இருபது பெட்டிகள் எடுத்தோம் என்று எழுதுபவர்கள் உண்டு. குடும்ப நடைக்கு நான்கு அல்லது ஐந்து போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் போனால் கண் திரையை விட்டு அகலாது. வழியில் இருந்த ஆலை வீடு திரும்பிய பிறகு யாருக்கும் நினைவில் இருக்காது.

எதையெல்லாம் எடுத்துச் செல்வது?

குடிநீர், மழைச்சட்டை, முதலுதவிப் பொருள்கள், கூடுதல் மின்கலம், காகித வரைபடம். பள்ளத்தாக்கில் கைப்பேசிக் கோபுர இணைப்பு கிடைக்காமல் போகும் என்பதால் கேச் விவரங்களையும் வரைபடத்தையும் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேனா வேண்டாம், பென்சில் எடுங்கள். ஈரம் கோத்த காகிதத்தில் பேனா எழுதாது. மைக்ரோ பெட்டிகளிலிருந்து காகிதச் சுருளை எடுக்க ஒரு சிறு இடுக்கியும், பொந்துகளுக்குள் பார்க்கக் கைவிளக்கும் உதவும். நீளக் கால்சட்டை அணிந்தால் முள்ளும் உண்ணியும் எளிதில் அண்டாது. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று குழந்தைகளைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டி இருக்கும் இடத்தை நெருங்கிய பிறகு எப்படித் தேடுவது?

பத்து மீட்டருக்குள் வந்ததும் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். அதன்பின் அம்புக்குறி நம்மைச் சுற்றிச் சுற்றித்தான் ஓட வைக்கும். நம்பிக்கை வரவில்லையென்றால் இருபது மீட்டர் விலகிப்போய் வேறு திசையிலிருந்து ஒருமுறை நடந்து வந்து, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைக் கவனியுங்கள்.

பிறகு, நானாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். குழந்தைகள் இதில் பெரியவர்களை வென்றுவிடுகிறார்கள். அவர்களின் கண்மட்டம் வேறு. இயற்கையாக விழுந்த குச்சிகள் பல திசைகளில் கிடக்கும். இணையாக அடுக்கிய ஐந்து குச்சிகள் மனிதக் கை வைத்தவை. என் மகன் ஒரு பழைய மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, வேரிடுக்கில் இருந்த பட்டைத் துண்டைத் தூக்கிப் பார்த்தான். அடியில் பச்சை வண்ணம் பூசிய டப்பா. மூடியின் நான்கு பிடிகளையும் விடுவித்துத் திறந்தபோது, பழைய காகிதமும் ஈரமண்ணும் கலந்த வாசனை வந்தது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிய தேதி அவன் பிறந்த ஆண்டுக்கு முந்தியது. அவன் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குறிப்புவரி ஒன்று பட்டியலில் மறையெழுத்தில் இருக்கும். ஆங்கில எழுத்துகள் 26-ஐயும் பதின்மூன்று பதின்மூன்றாக இரண்டு வரிசையில் எழுதி, மேலுள்ளதற்குக் கீழுள்ளதையும் கீழுள்ளதற்கு மேலுள்ளதையும் மாற்றினால் விளங்கிவிடும்: ஏ என்பதற்கு என், பி என்பதற்கு ஓ. செயலி ஒரே தொடுதலில் மாற்றித் தரும் என்றாலும், பென்சிலும் காகிதமும் கொடுத்துக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள்.

பழைய கற்சுவர்களிலும் இடிபாடுகளிலும் கல்லை எடுத்துப் பார்த்துத் தேடலாமா?

கூடாது. ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது.

சாந்து இல்லாமல் அடுக்கிய வயல் சுவர்களைப் பார்த்தால் வெறும் கற்குவியல்போல் தோன்றும். உண்மையில் அவை இரண்டு முகங்களாக எழுப்பி, நடுவில் சிறுகற்களை இறுக்கி, இடையிடையே இரு முகங்களையும் பிணைக்கும் நீளக் கற்களைக் குறுக்கே வைத்துக் கட்டப்பட்டவை. முகத்திலிருந்து ஒரு கல்லை உருவினால் உள்ளிருக்கும் சிறுகற்கள் மெல்ல மெல்லச் சரியத் தொடங்கும். ஓரிரு மழைக்காலத்தில் அந்த இடம் வயிறு தள்ளிச் சாயும். சேதத்தைச் செய்தவர் அதைப் பார்ப்பதே இல்லை. கற்களின் மேல் படிந்திருக்கும் மஞ்சளும் பச்சையுமான லைக்கன் என்னும் பாசி போன்ற படலத்தையும் சுரண்ட வேண்டாம். வரைபடத்தில் நாடுகள் பிரிந்திருப்பதுபோல் கருங்கோடுகளோடு தெரியும் ஒரு வகை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அதன் விட்டத்தை அளந்தே கல் எவ்வளவு காலமாக வெளியே கிடக்கிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கைப்பிடி அளவுள்ள ஒரு திட்டு, நமக்கு நான்கைந்து தலைமுறை மூத்தது.

பொறுப்புள்ள எவரும் பழைய சுவருக்குள் கேச் வைப்பதில்லை. விளையாட்டின் விதிகளும் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் இடங்களை ஏற்பதில்லை. ஆகவே சுவரை நோக்கி அம்பு காட்டினால், அருகிலுள்ள வேலிக்கம்பத்தையும் மரத்தடியையும் பாருங்கள். அப்படியும் கிடைக்கவில்லையென்றால் விட்டுவிட்டு வாருங்கள். ஏற்கெனவே கலைந்த கற்களைக் கண்டால், கேச் உரிமையாளருக்குக் கட்டாயம் எழுதுங்கள். அந்த ஒரு செய்தியால் இடம் மாற்றப்பட்ட பெட்டிகள் உண்டு.

வழியில் உள்ள ஆலை, காளவாய் போன்றவற்றைக் குழந்தைகளுக்கு எப்படிக் காட்டுவது?

ஆலைக் கட்டடத்தைவிட அதற்குத் தண்ணீர் வந்த வழியைத் தேடச் சொல்லுங்கள். ஆற்றின் குறுக்கே தாழ்வான தடுப்பு எங்கே இருக்கிறது, அங்கிருந்து பிரியும் வாய்க்கால் எங்கே தூர்ந்து போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் சக்கரம் இருந்த குழி தானாக வந்துவிடும். வாய்க்கால் உயரத்தில் வந்திருந்தால் தண்ணீர் சக்கரத்தின் தலையில் விழுந்தது. தாழ்வாக வந்திருந்தால் அடியில் மோதித் தள்ளியது. ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் சிறு மாதிரிகள் செய்து அளந்து 1759-இல் வெளியிட்ட முடிவின்படி, தலையில் விழும் முறை ஏறத்தாழ இரு மடங்கு பயன் தரும். அதனால்தான் மேட்டு வாய்க்கால் வெட்ட அவ்வளவு உழைத்திருக்கிறார்கள். ஆலைக்கல் கிடந்தால் அதன் அரைக்கும் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் பள்ளக்கோடுகளைப் பாருங்கள். மாவு வெளியேறவும் சூடு தணியவும் வெட்டப்பட்ட அந்தக் கோடுகள் தேயத் தேய, கல்லைத் தூக்கி நிறுத்தி மீண்டும் கொத்திக் கூர்மையாக்குவார்கள்.

சுண்ணாம்புக் காளவாயைக் கீழே, அடுப்பு வாய்ப்பக்கத்திலிருந்து மட்டும் பாருங்கள். மேலே ஏற வேண்டாம். விளிம்பு உள்ளீடற்றுப் போயிருக்கலாம்.

வேறு என்ன ஆபத்துகளைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஆற்றின் மேல்பகுதியில் பெய்யும் மழையால் ஆறு பெருகலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை; ஆறு பிறக்கும் மலையின் வானிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே மேடேறுங்கள். பழைய சுரங்க வாய்களுக்குள் யாரும் நுழையக் கூடாது. கையை எந்தப் பொந்துக்குள்ளும் விடும் முன் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். முதலில் குச்சி, பிறகு கண், கடைசியில்தான் கை.

விளைநிலங்களையும் கால்நடைகளையும் கடந்து போகலாமா?

பொதுப்பாதை இருக்கும் இடத்தில் மட்டும். திறந்திருந்த வாயிலைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட வேண்டும். உழவர் ஏதோ காரணத்தோடுதான் அப்படி வைத்திருப்பார். கன்றோடு நிற்கும் பசுவை விலகிச் சுற்றிப் போங்கள். அம்புக்குறி வயலின் குறுக்கே காட்டினாலும் பாதை வழியே போனால் பெரும்பாலும் வந்துசேர்வீர்கள். ஏனெனில் கேச் வைத்தவரும் அந்தப் பாதையில்தான் வந்தார்.

பெட்டியில் உள்ள பொருள்களைக் குழந்தைகள் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம்; எடுத்ததற்கு இணையான அல்லது மேலான ஒன்றை வைக்க வேண்டும். கோலி, சிறு பொம்மை, வெளிநாட்டு நாணயம், கையால் செய்த சாவிவளையம் போன்றவை சரி. உணவு கூடவே கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியையே கடித்துவிடும். கத்தி, தீப்பெட்டி, பட்டாசு, மது ஆகியவையும் விலக்கப்பட்டவை. எண் பொறித்த உலோகத் தகடு கட்டிய பொருள் இருந்தால் அது டிராவல் பக். அதை வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த கேச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது கடந்து வந்த பாதையை இணையதளத்தில் பார்க்கலாம்.

மூடும்போது மூடியின் வரப்பில் மண்துகள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துணுக்கு போதும், உள்ளே தண்ணீர் இறங்கிக் குறிப்பேடு கூழாகிவிடும்.

தேடிக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது வந்துவிட்டால்?

இந்த விளையாட்டை அறியாதவர்களை மக்கிள் என்பார்கள். அவர்கள் பார்க்கும்படி பெட்டியை எடுத்தால் அது பின்னர் காணாமல் போகலாம் என்பதால் கடந்து போகும்வரை ஓய்வெடுப்பதுபோல் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆனால் நிலத்துக்குரியவர் வந்து கேட்டால் மறைக்காமல் உள்ளதைச் சொல்லிவிடுவதே முறை. பல நேரங்களில் அந்த இடத்தைப் பற்றி எந்தப் பட்டியலிலும் இல்லாத செய்தி அவர்களிடமிருந்து கிடைத்திருக்கிறது.

நாங்களே ஒரு கேச் வைக்க விரும்புகிறோம். என்ன செய்ய வேண்டும்?

நிலத்துக்குரியவரின் அனுமதி முதல் வேலை. பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக இருந்தால் அங்கே பெட்டி வைக்காமல், சின்னத்திலிருந்து விடை எடுத்து வேறோர் இடத்துக்கு இட்டுச் செல்லும் மல்டியாக அமைத்துவிடலாம். மற்றொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அனுமதியின்றிக் குழி தோண்டவோ, மரத்தில் ஆணி அடிக்கவோ கூடாது. எண்களை ஒரே தடவையில் எடுக்காமல், இரண்டு மூன்று வெவ்வேறு நாள்களில் அளந்து சராசரி பாருங்கள். பள்ளத்தாக்கில் இது மிகவும் முக்கியம். பிறகு தொடர்ந்து பராமரிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறையாவது போய்ப் பார்க்க முடியாத இடத்தில் வைக்காதீர்கள்.

கிடைக்காமல் திரும்பினால் குழந்தைகள் வாடிப்போவார்களே?

வாடுவார்கள், அது இயல்பு. அதனால்தான் எளிதான ஒன்றை நடையின் கடைசிக்கு ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். ஒரு கேச்சுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தேடுவதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் வாக்குவாதம் வராது.

நடை முடிந்த பிறகு பதிவில் என்ன எழுத வேண்டும்?

கிடைக்கவில்லையென்றாலும் கிடைக்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். பெட்டி காணாமல் போனதை உரிமையாளர் அறிவது அப்படித்தான். கிடைத்திருந்தால் நன்றி என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல் பாதை சேறாக இருந்ததா, குறிப்பேட்டில் இடம் இருக்கிறதா, மூடி விரிசல் விட்டிருக்கிறதா என்று எழுதுங்கள். மறைவிடத்தை வெளிப்படுத்தும் படமோ சொல்லோ வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு பதிவைக் குழந்தைகள் முறை வைத்து எழுதுகிறார்கள். அந்த மரத்தடிப் பெட்டிக்கு மகன் சொல்ல, நான் தட்டச்சு செய்தது இது: “பெட்டி நல்லா இருக்கு. நோட்டுல இன்னும் பதினோரு பக்கம் காலியா இருக்கு. பாலத்துல மூணு வளைவு, ஆனா ஒண்ணுக்கு அடியில தண்ணியே இல்ல, ஏன்?” இரண்டு நாள் கழித்து உரிமையாளர் பதில் எழுதியிருந்தார்: வெள்ளக் காலத்துக்காகக் கட்டிய வளைவு அது, மழைக்காலத்தில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.